நாலாவது பிள்ளை

ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பெயர் முதலாமவன். அடுத்தவன் இரண்டாமவன். அதற்கடுத்தவன் மூன்றாமவன். கடைக்குட்டி நாலாமவன். பெயர் வைத்தவருக்கு அவ்வளவு சோம்பல்! நாளாவட்டத்தில் மூத்தவர்கள் மூவரும் அந்தப் பெயர்களை உதறிவிட்டுக் கௌரவமான வேறு பெயர்களைச் சூட்டிக் கொண்டார்கள். கடைக்குட்டி மட்டும் வைத்த பெயரையே வைத்துக் கொண்டிருந்தான். 2004-ம் வருஷத்தில், "உனக்கு இந்த வீட்டில் தனிப் பங்கு கிடையாது" என்று குடும்பக் கணக்கிலிருந்தே அவனை நீக்கப் பார்த்தார்கள். வழக்கு நடந்தது. 2009-ல் தீர்ப்பு அவன் பக்கம் ஆயிற்று; அண்ணன் நிலத்தில் ஒரு துண்டும் அவன் பங்கோடு சேர்ந்தது!

இது நம் பத்திரிகையின் தொடர்கதைகளில் ஒன்றல்ல, சகோதரிகளே. பூமியின் கதை. பூகர்ப்ப விஞ்ஞானிகள் 'குவாட்டர்னரி' என்று சொல்லும் காலத்தின் கதை. குவாட்டர்னரி என்றால் நாலாவது என்று அர்த்தம். நாம் இன்றைக்கு அடுப்பு மூட்டிக் காப்பி போட்டுக் குடித்துக் கொண்டிருக்கிற காலமும் அதுதான்.

"பூமியின் வயதைத் தெரிந்து கொண்டு எனக்கு என்ன ஆக வேண்டும்?" என்று கேட்பீர்கள். சற்றே பொறுங்கள். அந்த நாலு பிள்ளைகளும் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க ரொம்ப தூரம் போகவேண்டாம். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் வடகரையில் திட்டக்குடி என்று ஓர் ஊர். வைத்தியநாத சுவாமி கோயில் உள்ள ஊர். அங்கே நின்றுகொண்டு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தால் போதும்.

முதலில் மேற்கே பாருங்கள். ஆத்தூர், சேலம் பக்கத்து மலைகள். வசிஷ்ட நதியும் சுவேத நதியும் அந்த மலைகளிலிருந்து இறங்கி வந்து ஒன்றாகிற இடத்தில்தான் வெள்ளாறு பிறக்கிறது. அந்த மலைகளின் கருங்கல், சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முந்தியது. இவன்தான் மூத்தவன். உங்கள் வீட்டு அம்மியும், ஆட்டுக்கல்லும், இப்போது கிரைண்டருக்குள் உருளுகிற கல்லும் இந்த ஜாதிதான்.

தெற்கே பாருங்கள். ஆற்றைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சங்குகளும் சிப்பிகளும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் இவற்றைப் பொறுக்கிச் சேர்த்து அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்குத் தீனி. உங்கள் வீட்டுத் தளமும் சுவர்ப் பூச்சும் இரண்டாமவன் உபயம்.

கிழக்கே பாருங்கள். விருத்தாசலம், அதற்கும் அப்பால் நெய்வேலி. கடல் பின்வாங்கிய பிறகு அடர்ந்த காடுகள் மண்ணில் புதைந்து பழுப்பு நிலக்கரி ஆயின. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததே, அந்தக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1956-ல் அதற்கென்றே நெய்வேலிக் கம்பெனி ஏற்பட்டது. நிலக்கரிக்கு மேலே உள்ள அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்திருப்பதில் வியப்பென்ன? கார்த்திகைக்கு நீங்கள் வாங்குகிற பீங்கான் அகலும், கொலுப்படியில் உட்காருகிற சின்னப் பொம்மையும், மின்சாரப் பெட்டியில் இருக்கிற பியூஸ் கட்டையும் பிறக்கிற ஊர் அல்லவா அது! பீங்கானும் மின்சாரமும் மூன்றாமவன் சீதனம்.

இனிக் கீழே பாருங்கள். உங்கள் காலடியில் வெள்ளாற்று மணல். கரையோரத்து வண்டல். கிணற்றில் ஊறுகிற தண்ணீர். நெல் விளைகிற வயல். செங்கல் அறுக்கிற மண். இவன்தான் நாலாமவன். மற்ற மூவரும் வளர்ந்து முடிந்தவர்கள். இவன் இன்னும் வளர்ந்து கொண்டிருக்கிற பிள்ளை. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்திலும் ஒரு படலம் மண் சேருகிறது.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 'விருத்த அசலம்' என்றால் கிழட்டு மலை. தமிழில் பழமலை, திருமுதுகுன்றம். மலைகளுக்கெல்லாம் முந்திய மலை என்பது ஸ்தல புராணம். பூமியின் நாலு பருவங்களும் பக்கத்தில் பக்கத்தில் காணக் கிடைக்கிற சீமையில், வயதைப் பற்றிய பெயரோடு ஓர் ஊர் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

*

இந்த நாலு பெயர்களை வைத்தவர் யார்? இத்தாலியில் ஜியோவன்னி அர்துயினோ என்ற சுரங்க நிபுணர் இருந்தார். மலையடிவாரத்திலிருந்து சமவெளி வரையில் பாறைகளைப் பார்த்துக்கொண்டே போன அவர், எல்லாவற்றையும் நாலு வரிசையாகப் பிரிக்கலாம் என்று 1759-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். மலையின் உட்கரு முதல் வரிசை. சமவெளியின் வண்டல் நாலாம் வரிசை. 1829-ல் ஜூல் தெநுவாயே என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸ் நகரம் இருக்கும் சேன் நதிப் பள்ளத்தாக்கின் இளம் படிவுகளுக்குக் 'குவாட்டர்னரி' என்ற பெயரைப் பயன்படுத்தினார். பெயர் நிலைத்தது.

பெயர் நிலைத்தாலும் எல்லைக்கல் நிலைக்கவில்லை. எந்த நாளிலிருந்து நாலாமவன் கணக்கு ஆரம்பம்? இதைச் சொல்லத்தான் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தகராறு.

சிலர், "புதிய வகைச் சிப்பிகள் கடலில் தோன்றிய நாள்" என்றார்கள். சிலர், "மனிதன் தோன்றிய நாள்" என்றார்கள். இன்னும் சிலர், "பனி பெருகிய நாள்" என்றார்கள். 1948-ல் லண்டனில் கூடிய சர்வதேச பூகர்ப்ப மகாநாடு, இத்தாலியக் கடற்படிவுகளில் எல்லையை வைக்கலாம் என்று வழிகாட்டியது. அதன்படி 1985-ல் இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவில் உள்ள விரிகா என்ற இடத்தில், சுமார் 18 லட்சம் வருஷங்களுக்கு முந்திய அடுக்கில் எல்லை நாட்டினார்கள்.

பனியை ஆராய்ந்தவர்கள் ஒப்பவில்லை. "பூமி குளிர ஆரம்பித்தது அதற்கும் வெகு முன்னால் அல்லவா? குளிரின் நடுவில் கோடு கிழித்தால் எப்படி?" என்றார்கள். தை மாதம் பதினைந்தாம் தேதி போய் நின்றுகொண்டு, "இன்றைக்குத்தான் பனிக்காலம் பிறந்தது" என்று சொன்னால் நீங்கள் ஒப்புவீர்களா? மார்கழியில் விடியற்காலை எழுந்து வாசலில் கோலம் போட்டவளுக்கல்லவா தெரியும், எப்போது குளிர் வந்தது என்று!

இந்தச் சச்சரவின் நடுவில்தான் 2004-ல் வெளியான கால அட்டவணை, குவாட்டர்னரிக்குத் தனி அந்தஸ்தே வேண்டாம் என்று விட்டுவிட்டது. மூன்றாமவனான 'டெர்ஷியரி'யும் ஏற்கெனவே பாலியோஜீன், நியோஜீன் என்று இரண்டாகப் பிரிந்து பெயரை இழந்திருந்தான். கடைசியில் 2009 ஜூன் மாதம் சர்வதேச பூகர்ப்ப விஞ்ஞானச் சங்கம் முடிவு சொல்லிற்று. நாலாமவனுக்குத் தனிப் பங்கு உண்டு. எல்லை 18 லட்சத்தில் இல்லை. 25 லட்சத்து 80 ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால். சிசிலித் தீவில் ஜேலா நகருக்கு அருகே உள்ள மாண்டி சான் நிக்கோலா என்ற குன்றின் சரிவில் ஓர் அடுக்கு, அதுதான் எல்லைக்கல். அதுவரையில் நியோஜீன் அண்ணன் அநுபவித்து வந்த 'ஜெலேசியன்' என்ற துண்டு தம்பிக்கு வந்து சேர்ந்தது. நம் ஊர்ப் பாகப்பிரிவினைகளில் இவ்வளவு சுமுகமாக நிலம் கை மாறுவது அபூர்வம்.

அந்த அடுக்கை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அதற்குச் சற்றுக் கீழே ஒரு விசேஷம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் பூமியின் காந்தம் தலைகீழாகப் புரண்டது. இன்றைக்கு வடக்கே காட்டுகிற காந்த ஊசியை அப்போது வைத்திருந்தால் தெற்கே காட்டியிருக்கும்! படிகிற சேற்றில் உள்ள நுண்ணிய இரும்புத் துகள்கள் அந்தத் திசையை அப்படியே பிடித்து வைத்துக் கொள்கின்றன. ஆகவே உலகத்தின் எந்த மூலையிலும் அந்த அடுக்கை அடையாளம் காண முடிகிறது. எல்லோரும் படிக்கக்கூடிய கையெழுத்தில் எழுதின பத்திரம் என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

25 லட்சத்து 80 ஆயிரம் என்றால் எவ்வளவு? நம் புராணக் கணக்கிலும் நாலு யுகங்கள். நாலாவதான கலியுகத்துக்கு 4,32,000 வருஷம். அதில் ஏறக்குறைய ஆறு கலியுகம் சேர்ந்தால் ஒரு குவாட்டர்னரி. ஆனால் பூமியின் வயதோ 454 கோடி. பூமியின் ஆயுளை ஓர் ஒன்பது கஜப் புடவையாக விரித்துப் போட்டால், நாலாமவன் பங்கு ஓரத்தில் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதிலும், கடைசிப் பனி விலகி 11,700 வருஷமாக நடந்து வருகிறதே 'ஹோலோசீன்', அது ஓர் இழை நூலின் கனம்கூடத் தேறாது. நாம் விவசாயம் செய்ததும், ஊர் கட்டியதும், கோயில் கட்டியதும், சண்டை போட்டதும் எல்லாம் அந்த இழைக்குள் அடக்கம்.

*

நாலாமவனின் குணம் என்ன? ஒரே வார்த்தையில் சொன்னால், ஜுரம் வந்தவன் மாதிரி குளிரும் சூடும் மாறி மாறி வருவது.

பம்பரம் சுற்றும்போது பார்த்திருக்கிறீர்கள். சுற்றிக்கொண்டே தலையையும் ஆட்டும். பூமியும் அப்படித்தான். அதன் சாய்வு 41,000 வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. சூரியனைச் சுற்றும் பாதையும் சுமார் ஒரு லட்சம் வருஷக் கணக்கில் வட்டமாகவும் நீள்வட்டமாகவும் மாறுகிறது. மிலான்கோவிச் என்ற செர்பிய விஞ்ஞானி இந்தக் கணக்குகளைப் போட்டுக் காட்டினார். வட துருவப் பக்கத்தில் கோடை வெயில் குறைந்தால், மாரியில் பெய்த பனி கோடையில் உருகாமல் மிஞ்சும். வருஷா வருஷம் மிஞ்சினால் மலையாகும். ஆழ்கடல் சேற்றில் கிடைக்கும் நுண்ணுயிர்களின் ஓடுகளைச் சோதித்து, குவாட்டர்னரியில் இப்படி ஐம்பது தடவைபோலக் குளிர் வந்து போனதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"நம் ஊரில் ஏது பனி?" என்பீர்கள். பனி வரவில்லை, அதன் பலன் வந்தது. கடைசிப் பெருங்குளிர் சுமார் 20,000 வருஷங்களுக்கு முன்னால். உலகத்துத் தண்ணீரில் பெரும் பங்கு வடக்கே பனியாக உறைந்து கிடந்ததால் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியது. பாக் ஜலசந்தி ஆழம் குறைந்தது அல்லவா? அது வெறும் தரையாயிற்று. இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். பருவமழையும் மெலிந்தது. பிறகு பனி உருகியது, கடல் ஏறியது. இன்றைய கரைக்குக் கடல் வந்து நின்று சில ஆயிரம் வருஷங்களே ஆகின்றன. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிற முகத்துவாரமும், அதற்குத் தெற்கே நீங்கள் குழந்தைகளோடு படகில் போய் வருகிற பிச்சாவரத்துச் சதுப்புக் காடும் அதற்குப் பிறகு உருவானவைதான்.

இந்த ஜுரத்திலே பிறந்து வளர்ந்தவன் மனிதன். 1863 மே 30-ம் தேதி, இந்திய பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், சென்னைப் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். பார்த்தால் வெறும் கல். ஆனால் யாரோ செதுக்கிக் கூர் தீட்டிய கற்கோடரி. அதே வருஷம் திருவள்ளூர்ப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்திலும் இப்படிப்பட்ட கருவிகள் கிடைத்தன. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் தோண்டி ஆராய்ந்து, அந்தக் கருவிகள் குறைந்தது பத்து லட்சம், பெரும்பாலும் 15 லட்சம் வருஷம் பழையவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். வயது சொல்ல உதவிய சாட்சிகளில் ஒன்று, முன்னே சொன்ன காந்த ஊசிச் சங்கதி! இன்று விமானம் ஏறப் போகிறவர்கள் பல்லாவரத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போடலாம்.

நம் தேசத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஹோலோசீனை 2018-ல் மூன்றாகப் பிரித்தார்கள். அதில் கடைசிப் பிரிவுக்குப் பெயர் 'மேகாலயன்'. சிரபுஞ்சிக்கு அருகே மாம்லூ குகையில், சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பு நீர் விழுந்து வளர்ந்த ஒரு கல்தூண், சுமார் 4,200 வருஷங்களுக்கு முன்னால் மழை பொய்த்ததைத் தன்னுள் எழுதி வைத்திருக்கிறது. உலகத்திலேயே அதிக மழை பெய்கிற சீமையிலிருந்து பஞ்சத்துக்குச் சாட்சி! அந்தக் கல்தான் இன்றைய சகாப்தத்தின் எல்லைக்கல்.

அதற்கும் மேலே ஒரு கோடு கிழிக்கலாமா என்றும் யோசித்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளின் சாம்பல், பிளாஸ்டிக், புகை எல்லாம் படிவுகளில் ஏறிவிட்டன. ஆகவே 1950-களோடு ஹோலோசீனை முடித்து 'ஆந்த்ரபோசீன்', அதாவது மனித யுகம் என்று புதுக் கணக்கு எழுதலாம் என்று ஒரு குழு சொல்லிற்று. கனடாவில் ஓர் ஏரியை எல்லைக்கல்லாகக் காட்டவும் செய்தது. 2024 மார்ச்சில் அந்த யோசனை வோட்டில் தோற்றது. மனிதன் செய்கிற மாறுதலை யாரும் மறுக்கவில்லை. அதற்கு ஒரே ஒரு தேதி போட முடியுமா என்பதுதான் விவகாரம். காடு வெட்டியதும் வயல் உழுததும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக நடக்கின்றனவே!

*

கோடு எங்கே என்பது விஞ்ஞானிகள் பாடு. மாறுதல் எங்கே என்று பார்க்க நாம் வெள்ளாற்றுக்குப் போனால் போதும்.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளர் நிறைய ஆற்று மணலை நிரப்புங்கள். இனி இடமில்லை என்று தோன்றும். இப்போது மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு கொள்ளக்கூடிய தண்ணீர், சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். மணலின் இடுக்குகளில் அவ்வளவு இடம். ஆறு வறண்டு கிடக்கிற கோடையிலும் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பினார்களே நம் பாட்டிமார்கள், அந்த ரகசியம் இதுதான். வெயிலுக்கு ஆவியாகாமல், வடிகட்டிப் பத்திரமாக வைக்கிற தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டி நிறைந்திருந்தால் கரையோரத்துக் கிணறுகளில் நீர் நிற்கும். மணலை அள்ளிவிட்டால் வெள்ளம் வந்த வேகத்தில் ஓடிவிடும். கிணற்று நீரும் ஆற்றுப் பள்ளத்தை நோக்கி இறங்கும்.

வீடு கட்டுவதற்கு மணல் வேண்டும், வாஸ்தவம். வெள்ளாற்றிலும் மணல் குவாரிகள் நடந்திருக்கின்றன. வேண்டாம் என்று கரையோரத்து ஜனங்கள் போராடியும் இருக்கிறார்கள். ஆறு மறுபடியும் மணலைக் கொண்டு வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது தன் சாவகாசத்தில் கொண்டு வரும். மேற்கே மலை தேய வேண்டும், வெள்ளம் உருட்ட வேண்டும், வழியில் அணைகள் விட வேண்டும். லாரிக்கு அவ்வளவு சாவகாசம் இல்லை.

"ஆற்று மணல் எதற்கு, இப்போதுதான் எம்-சாண்ட் வந்துவிட்டதே?" என்று வீடு கட்டுகிறவர்கள் சொல்லுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது எதிலிருந்து வருகிறது? கருங்கல்லை உடைத்துப் பொடியாக்கினால் எம்-சாண்ட். கடைக்குட்டியைக் காப்பாற்ற மூத்தவனை அரைக்கிறோம்! கோடிக்கணக்கான வருஷம் வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல் நின்ற குன்று, சில வருஷங்களில் குழியாகிறது. ஆற்று மணலைவிட இது தேவலை என்பதால், இதுவும் இனாம் என்று ஆகிவிடாது.

சிக்கனம் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அரிசிப் பானையின் அடியைத் தடவிப் பார்த்துக் கணக்குப் போடுகிற கை அது. வீடு கட்டும்போது தேவைக்கு மேல் ஒரு சுவர் எழுப்பாமல் தடுப்பதும், இடித்த வீட்டுச் செங்கல்லையும் ஜல்லியையும் வீசாமல் மறுபடி பயன்படுத்தச் சொல்வதும், மழைத் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல் கிணற்றுக்குத் திருப்புவதும் நம் கையில் இருக்கிற காரியங்கள். சிசிலியில் எல்லைக்கல் நாட்டின பெரியவர்களின் சம்மதம் இதற்கெல்லாம் தேவையில்லை.

மூத்த பிள்ளைகள் மூவரும் அம்மியும் சிமெண்டும் பீங்கானுமாகக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார்கள். நாலாமவன் இன்னும் குடத்துக்குத் தண்ணீர் கொடுத்துக் கொண்டிருக்கிறான். அடுத்த தடவை வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பாருங்கள். கீழே மணல் மினுமினுத்தால், பிள்ளை சௌக்கியம் என்று அர்த்தம்.